பெயர், அம்மா பெயரோடு

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், டொராண்டோவின் பாதர்ஸ்ட் தெருவில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். மொழிப்பற்று என்று யாராவது பெருமைப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே நாளில் ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் யார் இந்த ஹின்டா, யார் இந்தப் பெஷி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மாற்றியும் பயனிருக்காது. அவர்கள் கெட்டிக்காரிகள்.

பதினான்கு வருஷமாக இந்தத் தெருவில் ஒரு சங்கத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தை பிறக்காமல் தவிக்கும் யூதக் குடும்பங்களுக்கான சங்கம். நாங்கள் மருத்துவம் பார்ப்பதில்லை. ஊசி, பரிசோதனை, ஏமாற்றம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த ஒருத்தியை, இப்போது அதில் நடந்துகொண்டிருக்கும் ஒருத்தியோடு சேர்த்துவைப்போம். இருவரும் வாராவாரம் மின்னஞ்சலில் எழுதிக்கொள்வார்கள். யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பது என் வேலை.

வேலைக்கு எடுத்தபோது தலைவி ஷைன்டல் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி.

"இந்தத் தெருவுல உனக்கு யாரையாவது தெரியுமா?"

"யாரையும் தெரியாதுங்க."

"கூட்டாளிங்க? தினம் ஒரே பஸ்ல வர்றவங்க?"

"பஸ்ல யாரும் பேசறதில்லையே."

"எங்க ஆளுங்க யாரையாவது கல்யாணம் பண்ணிக்கிற உத்தேசம் இருக்கா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குங்க. புருஷன் கார் ஓட்டறாரு."

"திங்கக்கிழமை வந்துடு."

பிறகுதான் புரிந்தது. இந்த நாற்காலியில் அவர்களில் ஒருத்தி உட்கார்ந்தால் இரண்டாவது கோப்பிலேயே "ஐயோ, இது நம்ம ரைஸலோட மருமகளாச்சே" என்று நெஞ்சில் கை வைத்துவிடுவாள். எனக்கு எல்லாரும் வெறும் பெயர்கள். அந்த அறியாமைக்குத்தான் சம்பளம்.

எழுதிக்கொள்ளும் பெண்களுக்கு நாங்கள் பொய்ப் பெயர் வைப்போம். இந்தத் தெருவில் எவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பதால் நான் நம்மூர்க் காய்கறிகளை வைக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஹின்டா முருங்கை ஆனாள், பெஷி அவரை ஆனாள்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முருங்கை என்று படித்ததும் உங்களில் பாதிப் பேர் சிரித்திருப்பீர்கள். எனக்கு அது ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அந்தப் பெயரில் நூறு கடிதம் போயிருந்தது. விட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

வெள்ளிக்கிழமை மாலை. மாமியார் வீட்டு மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர். மெழுகுவர்த்திச் சுடரில் ஹின்டாவின் கண்களில் ஒரு

அடித்துவிட்டேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யார் கண்ணும் சோகமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது:

ஹின்டாவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். நான்கு முறை கருவை உள்ளே வைத்தார்கள். இரண்டு முறை தங்கியது, ஒருமுறை பதினோரு வாரம்

இது கதை இல்லை, கோப்பு. கோப்பு படித்துப் படித்து எனக்கு இப்படித்தான் கை ஓடுகிறது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஹின்டாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான அறை. சுவர் நெடுக வெள்ளைத் தலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விக். கல்யாணமான பெண்கள் தலைமுடியை மறைக்க அணிகிற அந்த விக்குகளை அலசி, உலர்த்தி, வாரிக் கொடுப்பது அவள் தொழில். வயது முப்பத்தாறு. பேசிக்கொண்டே வேலை செய்வாள், வேலை செய்துகொண்டே கேட்டுக்கொள்வாள். எவள் கர்ப்பம் என்பது அவள் மாமியாருக்குத் தெரியுமுன் ஹின்டாவுக்குத் தெரியும். ஆனால் நாற்காலியில் உட்கார்கிறவர்கள் அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். அவள் பொருட்டு. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளும் கணவன் ஆன்ஷலும் சிகிச்சையை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. நிறுத்திய மறுவாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஒன்பது வருஷம் படிச்ச படிப்பு, மாலதி. எனக்கு இனிமே உதவாது. யாருக்காவது உதவுதான்னு பாரு."

3

பெஷி எனக்குச் சரியாக வரவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவள் ஹின்டாவின் கணவனுடைய தம்பி மனைவி. இருபத்தொன்பது வயது, ஒரு பெரிய மருந்துக்கடையில் மருந்தாளுநர். கைலா என்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் அவளை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் மருந்துக்கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஆகையால் இங்கே நீங்கள் பார்ப்பது ஹின்டா சொன்ன பெஷி. ஹின்டா சொன்ன பெஷியோ, பாதி ஹின்டாவின் கோபத்தில் செய்தவள்.

ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவு விருந்துகளில் பெஷி மேஜையின் மறு கோடியில் உட்காருவாள். ஹின்டா குழந்தையைப் பார்த்துச் சிரித்தால், "கைலா, பாட்டிக்கிட்ட போ" என்று உள்ளே அனுப்பிவிடுவாள். தன் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என்றே ஹின்டா மூன்று வருஷம் நம்பினாள். தெருவில் இன்னொரு பேச்சும் உண்டு: படிப்பு, வேலை என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டாளாம். எட்டும் ஒன்பதுமாகப் பிள்ளைகள் இருக்கிற தெருவில் ஒற்றைக் குழந்தை என்றால் பேசத்தானே செய்வார்கள்.

"எனக்குன்னு கேட்டு ஒண்ணும் கிடைக்கல. அவளுக்குக் கேட்டா கிடைக்கும், கேக்க மாட்டேங்கறா" என்று ஹின்டா ஒருமுறை ஆன்ஷலிடம் சொன்னாளாம். ஆன்ஷல் பள்ளியில் தால்மூத் என்ற யூத மறைநூல் உரையைச் சொல்லித்தருகிறவன். எதற்கும் எதிர்க்கேள்வி போட்டே பழகியவன்.

"கேக்கலன்னு உனக்கு யாரு சொன்னா?"



4

இனி என் தப்பு.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் குழந்தைக்குப் பிறகு இரண்டாவது தங்காதவர்களை, ஒன்றுமே இல்லாதவர்களோடு சேர்ப்பதில்லை. இருவருக்கும் மனசு புண்படும். போன கோடையில் ஆள் பற்றாக்குறை. 'அவரை' ஏழு வாரமாகக் காத்திருந்தாள். ஹின்டாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணு இருக்கறவங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?"

"என்ன சங்கடம்? எழுதச் சொல்லு."

பெஷியின் குடும்பப்பெயரும் ஹின்டாவின் குடும்பப்பெயரும் ஒன்றுதான். அந்தத் தெருவில் அந்தப் பெயரில் நூற்றுப்பத்துக் குடும்பம். எனக்கு யாரையும் தெரியாது என்பதுதானே என் தகுதி.

அவரையின் முதல் கடிதத்தை ஹின்டா பிறகு எனக்குக் காட்டினாள். நான் அதை இங்கே பேச்சுத் தமிழில் வைக்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்வது அப்படித்தான் இருக்கும்:

"எனக்கு ஒண்ணு இருக்கு. அதனால அழ எனக்குப் பாத்தியதை இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லலைன்னாலும் நானே சொல்லிக்கறேன். நாலு தடவை கலைஞ்சாச்சு. எங்க குடும்பத்துல ஒருத்தி இருக்கா, அவளுக்கு ஒண்ணுமே இல்லை. அவ இருக்கற வீட்ல நான் எந்த மூலையில உக்காந்து அழறது?"

(ஒரு இடைச்செருகல். மூலக் கடிதத்தில் 'குடும்பத்துல ஒருத்தி' என்ற இடத்தில் இருந்த ஆங்கிலச் சொல் நாத்தனாருக்கும் பொருந்தும், அண்ணிக்கும் பொருந்தும், மச்சினிக்கும் பொருந்தும். அதனால்தான் ஹின்டா சந்தேகப்படவில்லை. இதையே தமிழில் எழுதியிருந்தால் 'என் ஓரகத்தி' என்று முதல் வரியிலேயே குட்டு உடைந்திருக்கும். கதையும் இருந்திருக்காது.)

அப்படி ஒரு உறவுக்காரி இல்லாத வீடே அந்தத் தெருவில் கிடையாது. ஹின்டா தாராளமாக எழுதினாள். எந்த ஊசியை எங்கே போட்டால் வலி குறைவு, பரிசோதனை முடிவு வரும் நாளில் யாரிடமும் தொலைபேசியைக் கொடுக்கக் கூடாது, மாமியார் கேட்டால் வயிற்றுக் கோளாறு என்று எப்படிச் சொல்வது. ஐந்தாறு வாரத்தில் இருவருக்கும் சிரிப்புக்கூட வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் அவரை எழுதினாள்:

"அவ முன்னாடி என் பொண்ணை என்ன செய்யறதுன்னே தெரியல. மடியில வெச்சுக்கிட்டா காட்டற மாதிரி இருக்கு. உள்ள அனுப்பினா ஒளிக்கிற மாதிரி இருக்கு."

முருங்கையின் பதில் ஒரே வரி: "தூக்கி அவ மடியில போடு, ஒண்ணும் சொல்லாதே, அவ என்ன கண்ணாடியா உடைஞ்சு போக?"

அந்த வெள்ளிக்கிழமை, சூப் வந்த பிறகு, பெஷி எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். கைலாவைத் தூக்கி, சுடுபாத்திரத்தை இறக்கிவைப்பதுபோல ஹின்டாவின் மடியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். கைலா ஹின்டாவின் தட்டிலிருந்த சேமியாவை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். அவள் தலை ஹின்டாவின் மோவாய்க்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. ஹின்டா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ஆன்ஷலிடம் சொன்னாள்.

"பெஷிக்கு என்னவோ ஆயிடுச்சு."

"நல்லதா, கெட்டதா?"

"மூணு வருஷத்துல முதல் தடவை, ஆன்ஷல்."

"அப்ப நல்லதுதான். வாயை வெச்சுக் கெடுத்துடாதே."

5

இங்கே நான் ஹின்டாவை நம்ப வேண்டும். முழுசாக நம்பவில்லை.

உங்களுக்கே தோன்றியிருக்கும், மடியில் குழந்தையை வைக்கச் சொல்லி எழுதியவளுக்கு, அதே வாரம் மடியில் குழந்தை வந்து விழுந்தால் சந்தேகம் வராதா? நானும் இதைத்தான் அவளிடம் கேட்டேன். அவள் சொன்னது:

"வந்துச்சு. வராத மாதிரி இருந்துக்கிட்டேன்."

மூன்று வாரம் கழித்து, அவரைக்குக் கருவை உள்ளே வைக்கும் நாள் முடிவானது. ஒரு செவ்வாய்க்கிழமை. ஹின்டா எழுதினாள்: "பேர் குடு, அம்மா பேரோட. நாப்பது பேரைச் சேர்த்து அன்னிக்குள்ள புத்தகம் முழுக்கச் சொல்லி முடிச்சுடறோம்."

இது அந்தத் தெருவில் மூச்சு விடுவதுபோல நடக்கிற காரியம். யாருக்கு எது என்றாலும் தாவீதின் சங்கீதங்கள் நூற்றைம்பதையும் பிரித்துக்கொண்டு சொல்வார்கள். நோயாளியோ, பிள்ளை வேண்டுபவளோ, அவளுடைய பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் வேண்டுதல் சரியான விலாசத்துக்குப் போகும் என்பது நம்பிக்கை. ஹின்டா ஆயிரம் தடவை இப்படிக் கேட்டிருக்கிறாள். பெஷி ஆயிரம் தடவை கொடுத்திருக்கிறாள். பொய்ப் பெயரில் எழுதிக்கொள்கிறோம் என்பது இருவருக்குமே அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது: பெஷா, ஃப்ரூமெட்டின் மகள்.

(உண்மையான பெயர் இது இல்லை. அதே அளவுக்கு அபூர்வமான ஒன்றைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.)

ஃப்ரூமெட் என்ற பெயரில் ஹின்டாவுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான் உண்டு. கைலா பிறந்தபோது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்து ஆறு வாரம் தங்கி, எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போன பெஷியின் அம்மா.

பழக்கத்தில் கேட்டாளா, தெரிந்துகொள்ளக் கேட்டாளா? பழக்கத்தில் என்கிறாள். பாதி நம்புகிறேன். மறு பாதியில், மூன்று வாரமாகத் தூங்காத ஒருத்தி, கேட்கக் கூடாத கேள்வியை எல்லாரும் கேட்கிற கேள்விக்குள் ஒளித்துக் கேட்கிறாள். எந்த ஹின்டாவை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துவிட்டேன்.

6

மறுநாள் காலை கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"தெரிஞ்சேதான் சேர்த்தியா?"

"சத்தியமா இல்லை, ஹின்டா."

"நீ சத்தியம் பண்ணாதே, உனக்குத்தான் யாரையும் தெரியாதே." பிறகு உட்கார்ந்தாள். "அவ என்னைப் பத்தி நாலு மாசமா எழுதியிருக்கா. என்கிட்டயே. கண்ணு பட்டுடும்னு பயப்படறான்னு நினைச்சேன். அவ வெக்கப்பட்டிருக்கா. ஒண்ணு இருந்தும் அழறோமேன்னு என் முன்னாடி வெக்கம்."

எங்கள் விதி எனக்கு மனப்பாடம். ஜோடியில் ஒருத்திக்கு மற்றவள் யாரென்று தெரிந்துவிட்டால் பிரிக்க வேண்டும். காரணத்தை இருவருக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். மூடிய உறைக்குள், ஒரே வாக்கியத்தில்: உங்கள் துணைக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது.

"அதைப் படிச்சா அவ இனிமே ஒருத்தருக்கும் எழுத மாட்டா" என்றாள் ஹின்டா. "சொல்லாம இருந்தா நான் திருடி. தினம் அவ மனசைத் தொறந்து படிச்சுட்டு, வெள்ளிக்கிழமை எதிர்ல உக்காந்து உப்பைத் தள்ளுன்னு சொல்லணும்."

"என்ன செய்யட்டும்?"

"இப்ப ஒண்ணும் செய்யாதே. ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும். அவ வயித்துல அது இருக்கறப்ப அவளுக்கு இந்த அதிர்ச்சி வேண்டாம்."

அவகாசம் கொடுத்தேன். இது என் இரண்டாவது தப்பு.

"அந்த நாப்பது பேர்?" என்று கேட்டேன். "பட்டியல்ல பேரைப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"யார்கிட்டயும் குடுக்கல." விக் வாருகிற சீப்பு அவள் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது. "ஆனா நாப்பது பேர் சொல்றாங்கன்னு அவளுக்கு எழுதிட்டேனே. அது பொய்யாயிடக் கூடாது."

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தவர்களிடம் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். வெள்ளைத் தலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை நூற்றைம்பதையும் தனியாகச் சொல்லி முடித்தாள். நாற்பது பேர் பங்கையும். நூற்றுப்பத்தொன்பதாவது மிக நீளமானதாம், அதில் தொண்டை கட்டிவிட்டதாம். பெஷா, ஃப்ரூமெட்டின் மகள் என்று ஒவ்வொன்றின் முடிவிலும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்துவிட்டு நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

7

அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள் கழித்து, நேற்று வியாழக்கிழமை, முடிவு வந்தது. இல்லை.

அவரை ஒரே சொல்தான் எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை நான் மொழிபெயர்த்தாயிற்று.

இன்று காலை ஹின்டா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பெஷிக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்துத் தேநீர் போட எழுந்தேன்.

"உக்காரு. நீ கதை எழுதறேன்னு சொன்னியே, இதையும் எழுதிக்கோ. அந்த வார்த்தையைப் படிச்சதும் முதல்ல எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

எழுந்த நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆனா இருந்துச்சு, மாலதி. நான் மட்டும் தனியா விடப்படலன்னு. தொண்டை கிழியச் சொன்னவ நான்தான். நிம்மதிப்பட்டவளும் நான்தான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைக் கட்டிப்பிடிக்கறது?"

இந்த இடத்தை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஹின்டாவை உங்களுக்குப் பிடித்திருந்தது, கெடுப்பானேன் என்று. ஆனால் பதினான்கு வருஷத்தில் இந்த மேஜைக்கு எதிரே இதே வார்த்தையை வேறு வேறு வாயில் நான் கேட்டிருக்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன ஒவ்வொருத்தியும், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றியது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷைன்டல் கோப்புகளைப் பார்ப்பாள். அதற்குமேல் உறையைத் தள்ளிப்போட முடியாது. அதற்குள் பெஷிக்கு ஹின்டாவின் வாயாலேயே தெரிந்தால் ஒருவிதம். தாளில் தெரிந்தால் வேறுவிதம். இன்றைய விருந்து ஒன்றுதான் நடுவில் இருக்கிறது.

8

முடிவுகள்.

(அ) ஹின்டா சொல்லவில்லை. ஞாயிறு நான் உறையை அனுப்புகிறேன். பெஷி அதை மருந்துக்கடையின் பின்னறையில் பிரிக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கைலா மறுபடி பாட்டியிடம் போகிறாள். இதுதான் நடக்க அதிக வாய்ப்புள்ளது. எழுத மனசு வரவில்லை.

(ஆ) சமையலறையில், பாத்திரம் கழுவும்போது, ஹின்டா சொல்லிவிடுகிறாள். பெஷி நெடுநேரம் குழாயை நிறுத்தாமல் நிற்கிறாள். பிறகு

பிறகு என்ன என்று தெரியவில்லை. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் பெஷி அறைகிறாள். அறையட்டும் என்றுகூட இருந்தது.

(இ) என் ஆசை இது. ஹின்டா சொல்கிறாள், பெஷி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போகிறாள். வியாழக்கிழமை முருங்கைக்கு வழக்கம்போல ஒரு கடிதம் வருகிறது. தெரிந்தே எழுதியது. நேரில் இருவரும் உப்பைத் தள்ளச் சொல்வதோடு சரி. கடிதத்தில் மட்டும் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள், வயதாகும்வரை. இது மிக அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

நாலு மணிக்கு ஹின்டா கூப்பிட்டாள். மாமியார் வீட்டிலிருந்து. உருளைக்கிழங்கைத் துருவிச் செய்யும் குகல் வெந்துகொண்டிருக்கிறது என்றாள், பின்னால் யாரோ குழந்தைகளை அதட்டும் சத்தம்.

"இன்னும் இருபது நிமிஷத்துல போனை நிறுத்திடுவோம். நாளைக்கு ராத்திரி வரைக்கும் எடுக்க மாட்டேன்."

"சொல்லப் போறீங்களா?"

"அந்த நிம்மதியையும் சேர்த்துச் சொல்லணுமா, வேண்டாமா? அதைத்தான் கேக்கக் கூப்பிட்டேன்."

"எனக்குத் தெரியல, ஹின்டா."

"உன் கதையில சொல்றேனா?"

"இன்னும் அங்க வரல."

"வராதே," என்றாள். "அவ முதல்ல வரட்டும்."

வைத்துவிட்டாள்.

இப்போது நாலு இருபத்தைந்து. விளக்கு ஏற்றி ஓய்வுநாள் தொடங்கியாயிற்று, நாளை இருட்டும்வரை யாரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். இனி இருபத்தைந்து மணி நேரம் அந்த வீட்டுக்குள் எந்தக் கேள்வியும் போகாது, எந்தப் பதிலும் வெளியே வராது. ஷைன்டலையும் கூப்பிட முடியாது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமை இப்படிக் கழிந்திருக்கிறது, இவ்வளவு நீளமாக ஒன்றும் இருந்ததில்லை.

எழுதுகிறவளுக்கு எட்டாத இடத்தில் கதை உட்கார்ந்துவிட்டது. ஆனால் நீங்கள் படிக்கிற நாளில் வெள்ளி, சனி என்ற கட்டுப்பாடு உங்களுக்குக் கிடையாது. ஆகவே உள்ளே போங்கள். பெஷி வந்துவிட்டாள். நேற்றைக்கு ஒரு குழந்தை இல்லையென்று ஆனவள், சாதாரணமாக இருக்கிறாள், காலணியில் ஒட்டிய பனியைத் தட்டுகிறாள். அந்த வீட்டில் அவளுக்கு நடந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவள் கணவனும், அவளுக்கே தெரியாமல் இன்னொருத்தியும். கைலா ஓடிவந்து ஹின்டாவின் பாவாடையைப் பிடித்துக்கொள்கிறாள். பெஷி அதைப் பார்த்து, எல்லாரும் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பைச் சிரிக்கிறாள்.

"எப்படி இருக்கே, பெஷி?" என்று ஹின்டா கேட்கிறாள்.

"நல்லா இருக்கேன். நீங்க?"

இந்த இடத்தில் ஹின்டா சொல்ல வேண்டியதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதுமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டு எதிரில் நிற்கப்போகிறவள் அவள்.